பழைய லாரியை மீட்பது என்றால் எதை மீட்பது?

ஆஸ்திரேலியாவில் பழைய லாரிகளைத் தேடிப்பிடித்து, பிரித்துப் பூட்டி, பெயிண்ட் அடித்து ஓட்டுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. ஓய்வுபெற்ற டிரைவர்கள், விவசாயிகள், மெக்கானிக்குகள் என்று பலரும் வீட்டுக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகையில் வருஷக்கணக்கில் ஒரே வண்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு மாசமாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. லாரி வேலை என்றால் யாருக்கும் சளைக்காத ஊர்ப்பக்கம் நம்முடையது. ஓசூரில் லாரி செய்கிறார்கள், நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள், கிருஷ்ணகிரி பைபாஸில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் ஸ்பிரிங் பட்டை மாற்றித் தர ஆள் உண்டு. அப்படியிருந்தும் ஐம்பது வருஷத்து லாரி ஒன்றைப் பார்க்கணும் என்றால் நான் ஏன் செங்கல் சூளைகளில் அலைய வேண்டியிருக்கு?

முதலில் அங்கே இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். டாம் க்ரூஸ் என்று ஒரு தபால் லாரிக்காரர் இருந்தார் (நடிகர் இல்லை, அவர் வேற). 1936 முதல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீயிலிருந்து குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை, 500 கிலோமீட்டருக்கும் மேல் மணலும் கல்லுமான பாதையில் தபாலும் மளிகையும் கொண்டுபோனவர். அவருடைய லேலண்ட் பேட்ஜர் லாரி, ஜான் ஹேயர் இயக்கி 1954-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் இடம்பெற்று நாடு முழுக்கப் பிரபலமானது. பிற்பாடு வண்டி ஓய்ந்து, பாலைவனத்தில் ஒரு மாட்டுப் பண்ணைப் பக்கம் கைவிடப்பட்டது. பல வருஷம் கழித்து ஆர்வலர்கள் அதைக் கண்டுபிடித்து, மீட்டு, ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்து, 1999-இல் மறுபடி ஓட வைத்தார்கள். க்ரூஸுக்கு அப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. அந்த வண்டி இப்போது அடிலெய்டு பக்கத்தில் பேர்ட்வுட் தேசிய மோட்டார் மியூசியத்தில் நிற்கிறது.

அந்த லாரி ஏன் மிஞ்சியது என்று யோசித்தால் அன்பு, ஆர்வம் எல்லாம் இரண்டாம்பட்சம். உள்நாட்டுப் பகுதி காய்ந்த பூமி, இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். அதைவிட முக்கியம், தூரம். வண்டி நின்ற இடத்திலிருந்து பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப்போகிற செலவு, அந்த இரும்பின் விலையைவிட அதிகம். அதனால் விட்ட இடத்திலேயே நாற்பது வருஷம் நிற்கும், யாராவது பேரன் வந்து கண்டுபிடிப்பான். நம்ம ஊரில் அந்த வாய்ப்பே இல்லை. நான் இருக்கிற மத்தூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு காயலான் கடை வந்துவிடும். காலி லாரி ஒன்று சுமார் ஐந்து டன் எடை. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம். ஒன்றரை லட்சத்தை வெயிலில் நிறுத்திவைத்து அழகு பார்க்கிற ஓனரை நான் இன்னும் சந்திக்கவில்லை, அவர்மேல் தப்பும் இல்லை.

க்ரூஸின் பேட்ஜர் எந்தக் கம்பெனியில் பிறந்ததோ அதே இங்கிலாந்து லேலண்ட் கம்பெனிதான் நம்ம கதையிலும் வருகிறது. ரகுநந்தன் சரண் 1948-இல் அசோக் மோட்டார்ஸை ஆரம்பித்தார். சென்னை எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். அசோக் என்பது அவர் மகன் பெயர். 1950-இல் லேலண்டுடன் ஒப்பந்தம், அடுத்து காமெட் லாரிகள், 1955-இல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட். ஓசூர் ஆலை வந்தது 1980-இல். வடக்கே டாட்டா 1954-இல் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது, அந்தக் கூட்டு 1969 வரை ஓடியது. நம்ம பெரியவர்கள் இன்னும் 'பென்ஸ் லாரி' என்று சொல்வது அந்த நினைப்பில்தான், ஜெர்மன் கார் நினைப்பில் இல்லை. பம்பாய் பிரீமியரின் டாட்ஜ், ஃபார்கோ, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்ட் எல்லாம் தனிக் கதை.

லேலண்ட் காமெட்டில் 350, 370 என்று எஞ்சினுக்கு எண் சொல்வார்கள். குதிரைத்திறன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது கன அங்குலக் கணக்கு. 350 என்றால் சுமார் 5.7 லிட்டர், 370 என்றால் 6 லிட்டர்.

இனி நம்ம பக்கம் ஒரு லாரிக்கு எப்படி வயசாகிறது என்று பார்ப்போம். புதுசாக வரும்போது லைன் வண்டி, அதாவது தூர ஓட்டம். கிருஷ்ணகிரி மாங்காயோ, காவேரிப்பட்டணம் தேங்காயோ ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். பத்துப் பதினைந்து வருஷத்தில் அடுத்த கைக்கு மாறி லோக்கல் ஓட்டம். அடுத்து கல் குவாரி. இங்கே கருப்பு கிரானைட் பாறைக்குக் குறைவில்லை, குவாரிக்குள் ஓடுகிற வண்டிக்கு அழகும் வேண்டாம், வேகமும் வேண்டாம். அதுக்கப்புறம் செங்கல் சூளை, அல்லது முதுகில் டேங்கைக் கட்டித் தண்ணி லாரி. கடைசியில் 'கண்டம்' ஆகி கட்டிங். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கழற்றப்பட்டு வேற ஒன்று ஏறும். பெட்ரோலில் பிறந்த ஃபார்கோவுக்கு, செம்பியம் சிம்சன் ஆலையில் செய்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஏறியிருக்கும். அது தேய்ந்தபின் லேலண்ட் எஞ்சின். டாட்டாவின் பின் ஆக்சில். எங்கேயோ கவிழ்ந்த வண்டியின் கியர் பாக்ஸ். ஆக, நாற்பது வருஷம் கழித்து ஒரிஜினல் என்று மிஞ்சுவது சேஸிஸும் அதில் குத்தியிருக்கிற நம்பரும்தான்.

சரி, ஒருத்தர் துணிந்து இப்படி ஒரு வண்டியை வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை என்ன? சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது இல்லை. அதுதான் கடைசி வேலை.

வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையம் லைனரோடு துருவால் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டரை அழுத்தினால் வளையம் உடையும், கனெக்டிங் ராடு வளையக்கூடச் செய்யும். அதனால் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, நாலைந்து நாள் அப்படியே விட வேண்டும். அப்புறம் ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரையை வைத்து ஒரு பல் முன்னாடி, ஒரு பல் பின்னாடி. அவசரப்படக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி இதை "தூங்குறவனை எழுப்புற மாதிரிங்க, தோளைத் தொட்டுத்தான் எழுப்பணும்" என்பார். அசைந்துகொடுத்தால் ஊற்றினதையும் பழைய ஆயிலையும் அடியில் வடித்துப் பார்க்கணும். ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட்டைத் திறக்காமல் தப்ப முடியாது.

அடுத்து டீசல் பம்பு. ஆறு சிலிண்டருக்கும் ஆறு பிளஞ்சர், ஒவ்வொன்றும் அதன் பேரலுக்குள் மைக்ரான் கணக்கில் பொருந்தியிருக்கும். உள்ளே நின்ற பழைய டீசல் பசை மாதிரி இறுகிவிடும். இந்தப் பம்பு வேலையில் நம்ம பக்கம் கொடுத்துவைத்தது. பம்பு செய்த மைக்கோ கம்பெனி பக்கத்து பெங்களூரில் இருந்ததால், பம்பைப் பிரித்து மேடையில் ஏற்றி அளவு வைக்கத் தெரிந்த கைகளுக்கு ஓசூர் சுற்றுவட்டாரத்தில் பஞ்சமில்லை. டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, பைப்பில் இருக்கிற காற்றைக் கைப்பம்பால் அடித்து வெளியேற்ற வேண்டும். குமிழி நிற்கும் வரை அடிக்கணும். ஒரே ஒரு காற்றுக் குமிழி போதும், எஞ்சின் முக்கி முக்கி நின்றுவிடும்.

முதல் முறை ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு ஆள் கையில் பலகையோடு நிற்க வேண்டும். எதுக்கு? பெட்ரோல் வண்டியை நிறுத்தச் சாவியைத் திருப்பினால் போதும், தீப்பொறி நின்றுவிடும். இந்தப் பழைய டீசலில் தீப்பொறியே கிடையாது. பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் என்ற கம்பி முழுத் திறப்பில் சிக்கிக்கொண்டால், எஞ்சின் தன்பாட்டுக்கு வேகம் ஏறி, வெடித்துச் சிதறும் வரை ஓடும். அப்போது காற்று உள்ளே போகிற வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். துணியால் அடைக்கக்கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். கையால் அடைப்பதை நினைத்தே பார்க்கக்கூடாது. ஆஸ்திரேலியக் கொட்டகையிலும் இதேதான், கிருஷ்ணகிரி பட்டறையிலும் இதேதான்.

சக்கரத்தைப் பற்றியும் சொல்லணும். அந்தக் கால 9.00-20 டயர்களுக்கு டிஸ்க்கின் விளிம்பில் தனியாக ஒரு லாக் ரிங் உண்டு. துருப்பிடித்த ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். இதில் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்று இறங்குகிறவர்கள் இந்த வேலையை மட்டும் பஞ்சர் கடை அனுபவஸ்தர்களிடம், கூண்டுக்குள் வைத்து அடிக்கிற இடத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

கிங் பின், புஷ், பிரேக் டயாஃப்ரம், ரேடியேட்டர் எல்லாம் வேலைதான், ஆனால் அதிசயம் இல்லை. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்துவிடலாம். சேஸிஸ் மட்டும் கொஞ்சம் யோசிக்கணும்: ஸ்பிரிங் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருக்கும், பழைய ஓனர் அதன்மேல் பற்றவைத்து ஒட்டுப் போட்டிருப்பார். ரிவெட் அடித்த இடத்தில் ரிவெட்தான் அடிக்க வேண்டும். ஒழுங்கில்லாமல் சூடாக்கின இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

இதுவரை சொன்னது எல்லாமே எண்ணூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் செய்த பாகங்கள். அளவு உண்டு, புத்தகம் உண்டு. எனக்குக் கவலை தருவது மீதிப் பாதி.

ஆஸ்திரேலியாவில் ஒரு பழைய லாரியை மீட்கிறவர் கம்பெனிக் கையேட்டைத் தேடி வாங்குகிறார். கதவின் வளைவு எத்தனை அங்குலம், எந்தப் பச்சை நிறம் என்று அதைப் பார்த்துச் செய்கிறார். அங்கே பெரும்பாலும் கேபின் கம்பெனியிலிருந்தே வந்தது. நம்ம லாரி அப்படி வரவில்லை. ஆலையிலிருந்து வருவது சேஸிஸ், எஞ்சின், முன்னாடி ஒரு முகப்பு, அவ்வளவுதான். ஓசூர் - கிருஷ்ணகிரி சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: கேபினே இல்லாத சேஸிஸ்கள் வரிசையாகப் போகும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எதிர்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிரைவர்கள் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சேஸிஸ் நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆசாரி, டிங்கர், பெயிண்டர் எல்லாரும் சேர்ந்து அதை லாரி ஆக்கினார்கள். மரச் சட்டத்தில் கேபின் எலும்புக்கூடு, அதன்மேல் தகரம். உள்ளே சீட்டு, சீட்டுக்குப் பின்னாடி படுக்கைப் பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், சைடில் சாமான் பெட்டி. முன்நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பின்னாடி 'ஒலி எழுப்பவும்', மூலையில் பெயிண்டர் கையெழுத்து.

நாமக்கல் பக்கம் ஒரு வயசான ஆசாரியிடம், கேபினுக்குப் படம் எதுவும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "படம் ஏது தம்பி? ஓனர் வந்து நிப்பாரு. டிரைவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, கையை நீட்டுப்பான்னு சொல்லி அளவெடுப்போம். உயரமான ஆளுன்னா நெத்தி ரெண்டு இன்ச் மேல போவும்." அப்படியென்றால் ஒவ்வொரு கேபினும் யாரோ ஒரு டிரைவரின் உடம்பு அளவு. ஒரு காமெட்டின் கேபினைப் பார்த்து இன்னொரு காமெட்டுக்கு அப்படியே செய்துவிட முடியாது.

ஆகவே நம்ம ஊரில் பழைய லாரியை மீட்பது என்றால், ரொம்பச் சுலபமாக மீட்கக்கூடியது எஞ்சின். மீட்கவே முடியாமல் போகிறது ஆசாரியின் பாதி. ஆனால் கட்டிங் போடும்போது நடப்பது தலைகீழ். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பத்திரமாக இறக்கி விற்பார்கள். கேபினுக்கு மதிப்பு இல்லை. தகரத்தை உரித்து எடைக்குப் போட்டு, மரத்தை அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

மரக் கேபினைத் தலையில் வைத்து ஆட நான் சொல்லவில்லை. மோதினால் பெட்டி மாதிரி நசுங்கும், மே மாதத்தில் எஞ்சின் சூடு காலைப் பொசுக்கும். புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி வந்திருக்கிறது. ஐம்பது வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது. ஆனால் டிரைவர் எதில் உட்கார்ந்து கிருஷ்ணகிரியிலிருந்து கல்கத்தா வரை போனார் என்பதைப் பார்க்க ஒன்றாவது இருக்கணும் இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வயது தாண்டின இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். நல்ல விதிதான், பழைய கார்க்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் பின்னாடி இரட்டைச் சக்கரம் போட்ட ஒரு சரக்கு லாரியை மனதில் வைத்து எழுதின விதி இல்லை அது. போதாததற்கு ஒரு நிபந்தனை: பாடி, சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவத்தில் இருக்க வேண்டும். வீட்டில் நின்ற காருக்கு அது சரி. மூன்று எஞ்சின் மாறாமல் முப்பது வருஷம் சரக்கு அடித்த லாரி எங்கே இருக்கிறது?

சாதாரணச் சரக்கு வண்டியாகவே வைத்துக்கொள்ளலாம் என்றால் வரி, இன்சூரன்ஸ், வருஷா வருஷம் எஃப்.சி. பதினைந்து வயது தாண்டின கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக உயர்த்தினார்கள். பழைய வண்டிகள் ரோட்டை விட்டு இறங்கணும் என்பதுதான் நோக்கம், புகையைப் பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதை வேறு மாதிரி பிரித்துவிட்டது. 25 வயது தாண்டின வண்டியை, அங்கீகரித்த கிளப்பில் உறுப்பினராக இருந்தால், குறைந்த கட்டணத்தில் வருஷத்துக்கு 45 நாளோ 90 நாளோ ஓட்டலாம். ஒவ்வொரு நாளும் எடுக்கும்போது லாக் புக்கில் எழுதிவிட்டு எடுக்கணும். சம்பாதிக்க ஓட்டக்கூடாது. வருஷத்தில் பத்துத் தடவை வெளியே வருகிற லாரி எவ்வளவு புகை விட்டுவிடப் போகிறது?

நம்ம நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹரியானாவின் தாவ்டூவில் 2013-இல் திறந்த ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியத்தில் பழைய லாரிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் இருக்கிற மியூசியம் அருமையானது, ஆனால் அது கார்களுக்கு. லாரியால் வாழ்கிற நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரு கொட்டகை போட யாருக்கும் இன்னும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பாடி கட்டும் பட்டறைகள் இத்தனை இருக்கிற இடத்தில், ஆயுத பூஜைக்கு ஒரு நாள் ஒரு பழைய வண்டியை நிறுத்திவைத்தால்கூடக் கூட்டம் சேரும்.

அது வரும் வரை நான் செய்துகொண்டிருப்பது சின்ன வேலை. சூளைகளிலும் குவாரி ஓரங்களிலும் நிற்கிற வண்டிகளின் கேபினை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறேன். நெற்றி உயரம், கதவு அகலம், சட்டத்தின் கனம், எந்த இடத்தில் ஆணி, எந்த இடத்தில் போல்ட். மூட்டு எப்படிப் போட்டிருக்கிறது என்பதைத் தகரம் கிழிந்த இடத்தில்தான் பார்க்க முடியும், அதனால் ரொம்பக் கேவலமாக நிற்கிற வண்டிதான் எனக்கு ரொம்ப உபயோகம். உங்கள் ஊரில் அப்படி ஒன்று நின்றால், வெட்டுவதற்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், கேபினுக்குள் ஒரு ஸ்கேலை நிறுத்தி ஒன்று, மேற்கூரையை உள்ளிருந்து ஒன்று. சேஸிஸ் நம்பர்மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டினது யார், எந்த ஊர் என்று ஓனருக்கு ஞாபகம் இருந்தால் எழுதிவையுங்கள்.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு சூளையில் இப்போது ஒரு காமெட் நிற்கிறது. எஞ்சின் ஏற்கனவே போய்விட்டது, கேபின் முழுசாக இருக்கு. மழைக்கு முன்னாடி வெட்டிவிடுவேன் என்கிறார் ஓனர். கேபினை மட்டும் எடை போட்டு அதே ரேட்டுக்கு எனக்குத் தரச் சம்மதித்திருக்கிறார். வைக்க இடம்தான் பிரச்சினை. தெரிந்தவர் ஒருவரின் புளிக் கொட்டகை மாசி வரைக்கும் காலி.